வசந்தாவின் இரண்டு பிரசவங்கள்

வசந்தாவுக்கு வலி கண்டு அழைத்துவந்த அன்று லேபர் வார்டு என் பொறுப்பில் இருந்தது. வசந்தா என் நாத்தனார். என் கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். அவளுக்குத் தாய்வீடு என்றால் மயிலாப்பூரில் மாமனாரும் நானும் என் மூன்று வயது மகளும் இருந்த வீடுதான். ஏழாம் மாதத்திலிருந்து அவளை நான்தான் பார்த்துக்கொண்டேன்.

வார்டு வாசலில் அவளுடைய மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம். கெட்டவர் இல்லை.

"சொல்லுதேன்னு மனசுல வச்சுக்கிடாத தாயி. பிள்ளை பொறக்கும்போது நீ முன்னால நிக்க வேண்டாம். தலைச்சன் பாரு. வேற நர்சம்மா இருப்பாங்கல்லா?"

"இருக்காங்கம்மா" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நான் நின்று ஏதாவது ஆகிவிட்டால் ஆயுசுக்கும் அது என்னால் ஆனதாகவே இருக்கும். எனக்கே அப்படித் தோன்றிவிட்டால் என்ன செய்வது? அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்த ஸ்டெல்லாவிடம் வசந்தாவை ஒப்படைத்துவிட்டு, மறைப்புக்கு இந்தப் பக்கம் அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

ஆயா முனியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சிஸ்டர், ஊர்ல கீற கொயந்தய எல்லாம் நீ புடிப்ப, உன் நாத்தனா கொயந்தய மட்டும் புடிக்க மாட்டியா? கைக்கு இன்னிக்கி லீவா?"

"போய் வெந்நி கொண்டா முனியம்மா."

மதியம் ஆண் குழந்தை பிறந்தது. நஞ்சுக்கொடியும் முழுசாக வந்துவிட்டது என்றாள் ஸ்டெல்லா. வெளியே சர்க்கரை வழங்கினார்கள். குழந்தை அழுவதை மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்தே கேட்டேன். கொஞ்ச நேரத்தில் வசந்தா கொட்டாவி விடுவது கேட்டது. பிள்ளை பெற்றவள் களைத்துப்போய்க் கொட்டாவி விடுவது சகஜம். இன்னொன்று கேட்டது. அது முடிவதற்குள் மற்றொன்று, காற்றுக்குத் தவிப்பது போல நீளமாக.

"ஸ்டெல்லா, பேட்ல எவ்வளவு ரத்தம்னு பாத்தியா?"

"பாத்தேன் சிஸ்டர். அவ்வளவா ஒண்ணும் இல்ல. அவங்களுக்குத் தூக்கம் வருது."

"வயித்துல கை வச்சுப் பாத்தியா?"

மறைப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கல் மாதிரி இறுகியிருக்க வேண்டிய கருப்பை, பிசைந்த மாவு மாதிரி தொளதொளவென்று தொப்புளுக்கு மேலே ஏறியிருந்தது. ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே சேர்ந்துகொண்டிருந்தது. வசந்தாவின் உதடு வெளுத்திருந்தது. வயிற்றைத் தேய்த்து அமுக்கினேன். கட்டி கட்டியாக வந்து விழுந்தது, பின்னாலேயே ரத்தம்.

"மெதர்ஜின் ஊசி எடு. டிரிப் போடு. முனியம்மா, ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடு."

டாக்டர் வந்து சேர்ந்தபோது என் கைக்குக் கீழே கருப்பை இறுகத் தொடங்கியிருந்தது. போதும் என்று அவர் சொன்ன பிறகும் கையை எடுக்க எனக்குத் துணிவில்லை.

வசந்தா கண்ணைத் திறந்து பார்த்தாள். "அண்ணி, நீங்க வந்தத அத்தைகிட்ட சொல்லிடாதீங்க."

சரி என்றேன். தாயும் பிள்ளையும் நலம் என்றுதான் வெளியே சொன்னோம். சம்பந்தியம்மா ஸ்டெல்லாவுக்கு வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். ஸ்டெல்லா அதை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். வசந்தாவையும் குழந்தையையும் எங்கள் வீட்டுக்கு அனுப்பாமல் தி.நகருக்கே கூட்டிப் போய்விட்டார்கள். பாப்பா எப்போது வரும் என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு வருடம் கழித்து, வசந்தா மறுபடி உண்டாகியிருப்பதாக மாமனார் சொன்னார். ஒரு நர்சிங் ஹோமில் காட்டுகிறார்களாம். ஒரு தடவை அப்படி ரத்தம் போனவளுக்கு அடுத்த தடவையும் போகலாம். அங்கே அது யாருக்கும் தெரியாது. வசந்தா சொல்லியிருப்பாளா? மாமியார் கூடவே போகும்போது எப்படிச் சொல்லியிருப்பாள்? அவளுக்குக் கொடுத்த வார்த்தையை நினைத்துப் பல நாள் சும்மா இருந்தேன். கடைசியில் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு தி.நகருக்கு பஸ் ஏறினேன்.

முதல் பிரசவத்தில் நடந்ததை எல்லாம் சம்பந்தியம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப அன்னிக்கு நீ உள்ள போயிருக்க."

"போனேம்மா."

"போவாதன்னு சொன்னம்லா."

"சொன்னீங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடுதேன். நீ கெளம்பு தாயி." உள்கதவருகே நின்ற வசந்தா திரும்பிப் போய்விட்டாள்.

இரண்டாவது பிரசவத்திலும் ரத்தம் போயிற்று. முன்கூட்டியே தெரிந்ததால் அவளுக்கு ஏற்ற ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தையாம். நான் இன்னும் பார்க்கவில்லை. மாமனார் மட்டும் போய்வருகிறார். வசந்தா என்னோடு பேசுவதில்லை. நேரே நர்சிங் ஹோமுக்குப் போய்ச் சொல்லியிருந்தால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காதே என்று இப்போது தோன்றுகிறது. அன்று அது தோன்றவில்லை.

லேபர் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பேட் சுத்தமாக இருந்தாலும் வயிற்றில் கை வைத்துப் பாருங்கள். கேஸ் ஷீட் எழுதும்போது முந்தைய பிரசவத்தைப் பற்றிக் கேட்பீர்கள். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் ஆச்சு" என்பார்கள். அதை அப்படியே எழுதிவிடாதீர்கள். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.