அலமாரிக் கதவில் ஒரு நம்பர்

சித்தப்பா பெயிண்டர். கோடை லீவில் பள்ளிக்கூடங்களுக்குப் போய் போர்டுகளுக்குக் கருப்பு அடிப்பார். ஒரு வருஷம் அரை டின் மிஞ்சியது. எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்க அடித்தார். அதிலும் மிஞ்சியதை மர அலமாரியின் கதவில் அடித்தார். நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா தலையில் கை வைத்தாள். "நல்ல வூட்டு செவுத்துல கருப்பா?"

"இனிமே கண்ணே படாது அண்ணி, வுடுங்க" என்றார் சித்தப்பா.

சுவர் எனக்கும் அத்தைக்குமானது. அத்தை அப்பாவின் தங்கை. பத்தொன்பது வயது. பத்தாவதில் கணக்கு மட்டும் மூன்று தடவை போய்விட்டது. நான்காவது தடவைக்குக் கட்டியிருந்தாள். மதியம் பூராவும் சுவரில் கணக்குப் போடுவாள். நான் துடைப்பேன். ஹால் டிக்கெட் வந்த அன்று பரீட்சை நம்பரை அலமாரிக் கதவில் பெரிதாக எழுதினாள்.

"இதத் தொட்ட, கைய ஒடிச்சுடுவேன்."

நான் தொடவில்லை.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது குன்னத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. கருப்புச் சுவரோடு எப்படி அவர்களை உட்கார வைப்பது? அப்பாவுக்கு அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை. வாளி நிறையச் சுண்ணாம்பு கரைத்து அவரே அடித்தார். போர்டு பெயிண்டில் சுண்ணாம்பு ஒட்டவில்லை. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"பொழுதன்னைக்கும் சுண்ணாம்புக் கல்லோட கெடக்குற ஆளு, இது தெரியலியே" என்றார் சித்தப்பா.

கடைசியில் அம்மா சொல்லி, அத்தை சுவரைக் கழுவிவிட்டுச் சாக்பீசால் பெரிய கோலம் போட்டாள். நன்றாக இருந்தது.

வந்தவர்களுக்கும் பிடித்தது. மாப்பிள்ளையின் அம்மா கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பினார்.

"அது என்ன நம்பரு?"

நான் சொன்னேன், "எங்க அத்தையோட பரீட்சை நம்பரு. அடுத்த வாரம் எழுதப் போறாங்க. இந்தத் தடவ பாஸாயிடுவாங்க."

அந்தம்மா அப்பாவைப் பார்த்தார். "எம்மவன் எட்டாவதுதாங்க. பொண்ணு அதுக்கு மேல பாஸ் பண்ணி வந்தா சரிப்படாது பாருங்க."

அப்பா சிரித்தார். "அதெல்லாம் சும்மா எழுதி வச்சதுங்க. வுட்டாச்சு."

பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அத்தை ஈரத்துணியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"அந்த நம்பர நீயே அழிச்சுடு பாப்பா."

"பரீட்சைக்கு வேணாமா?"

"மனப்பாடம் ஆயிடுச்சு."

எனக்குச் சந்தோஷம். அந்தக் கதவு மேல் எனக்கு ரொம்ப நாளாக ஆசை. அழுத்தித் துடைத்தேன். அதே இடத்தில் என் பெயரைப் பெரிதாக எழுதினேன். அத்தை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை அன்று காலையில் அத்தை மாவரைத்துக்கொண்டிருந்தாள். நேரமாகிறதே, இன்னும் கிளம்பவில்லையே என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன். நம்பர் மனப்பாடமான ஆள் ஏன் போகவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.