வரத்து குறைவு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கணபதிப் பகுதியில், லேத் பட்டறைகளுக்கு இடையே இருந்த ஒரு சிறிய வாடகை வீட்டில் குடியிருந்தோம். நானும் என் மனைவியும் மட்டும். பிள்ளைகள் இல்லை. நான் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் இருந்தேன். ஆட்கள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் பதிவதுதான் வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கோடையின் முதல் மழை, மின்சாரம் போய் வந்த நேரம், படித்து முடித்த புத்தகம் என்று எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். சிறுவாணித் தண்ணீருக்கு மட்டும் தனியாக இரண்டு கட்டங்கள் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒன்று குடங்களின் எண்ணிக்கைக்கு. மற்றது குறிப்புக்கு.

செவ்வாய், வியாழன், சனி காலை பத்து மணிக்கு மேல் தெருமுனைக் குழாயில் தண்ணீர் வரும். நான் ஏழு மணிக்கே ஆலைக்குப் போய்விடுவேன். பிடிப்பது அவள், எழுதுவது நான். மாலையில் சட்டையைக் கழற்றும்போதே கேட்டுவிடுவேன்.

“இன்னைக்கு எத்தனை அம்மணி?”

“பன்னெண்டுங்க.”

“போன வாரமும் பன்னெண்டு.”

“கொழாய்க்குத் தெரியுமுங்க, நீங்க எழுதறீங்கன்னு. பயந்துக்கிட்டே வருது.”

ஐப்பசி கடைசிச் செவ்வாயன்று அவள் “பத்துங்க” என்றாள். கார்த்திகையில் எட்டு ஆனது. மார்கழியில் ஏழு. குறிப்புக் கட்டத்தில் ‘வரத்து குறைவு’ என்று எழுதி வந்தேன். எட்டுக்கு இறங்கிய வாரமே ஒரு மனு எழுதினேன். எந்தக் கிழமை எத்தனை குடம் என்று அட்டவணை போட்டு, சிவப்பு மையில் கோடிட்டு, தண்ணீர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரையும் வாங்கி வந்தேன்.

“பெட்டிசனே போட்டுட்டீங்களா? அட சாமி!” என்று அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் முத்திரை போட்ட நகலை நோட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அன்று முதல் அரைச் செம்புத் தண்ணீரில் முகம் மழிப்பது என்று முடிவெடுத்தேன். அதையும் எழுதினேன்.

அவள் கடலைப் பார்த்ததில்லை. பெருந்துறைக்குப் பக்கத்தில் பிறந்தவள். அவள் பார்த்ததில் பெரிய தண்ணீர் ஈரோட்டில் ஓடும் காவிரிதான். கல்யாணமான புதிதில் கடலுக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தேன். பத்தொன்பது வருடங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். மாசி மாதத்தில் ஒரு நாள் அவளாகவே கேட்டாள்.

“ஏனுங்க, இந்த ஞாயித்துக்கெழம கடலுக்குப் போலாமுங்களா?”

“சித்திரையில சேர்ந்தாப்ல லீவு வருது. அப்பப் பாக்கலாம்.”

“சித்திரை வேண்டாமுங்க. இந்த வாரமே போயிரோணும்.”

அவள் எதையும் அப்படி ‘ஓணும்’ போட்டுக் கேட்டதில்லை. சரி என்றேன்.

அந்த வாரம் நோட்டில் இப்படி இருக்கிறது. திங்கள், பனி அதிகம். செவ்வாய், ஆறு குடம், வரத்து குறைவு. புதன், மாவு ஆட்டவில்லை, இரவு உப்புமா. வியாழன், ஐந்து குடம், வரத்து குறைவு. வெள்ளி, கோவிலுக்கு நான் மட்டும் போனேன். சனி, ஐந்து குடம், வரத்து மிகவும் குறைவு, இரண்டாம் மனு எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை முதல் டவுன் பஸ்ஸில் ஸ்டேஷனுக்குப் போய்க் கோழிக்கோட்டு ரயிலைப் பிடித்தோம். படிக்கட்டில் அவள் இரண்டு முறை நின்றாள். “வண்டி போயிரும், சீக்கிரம் வா” என்றேன். பாலக்காடு தாண்டியதும் தூக்குப்போசியைத் திறந்தாள். இன்னும் சூடாக இருந்தது, அரிசிம்பருப்புச் சோறு. தனக்கு இரண்டு வாய் எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“நீ?”

“கடலைப் பாக்கற அவசரத்துல பசியே இல்லீங்க.”

நாங்கள் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. இடிந்துபோன பழைய கடற்பாலத்தின் தூண்கள் தண்ணீருக்குள் வரிசையாக நின்றன. அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“நெம்ப இருக்குதுங்க” என்றாள்.

“என்ன?”

“தண்ணி.”

அப்புறம் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. “வரிசை இல்ல, சண்டை இல்ல. எங்குடத்த நகத்தி வெச்சது யாருடீன்னு கேக்கறவ இல்ல. இத எப்படிங்க நோட்டுல எழுதுவீங்க?”

நான் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அலையில் இறங்கி, அவளையும் வரச் சொல்லிக் கையசைத்தேன். “நீங்க நனைங்க, நான் செருப்புக்குக் காவல்!” என்று கத்தினாள். இன்னொரு முறை கூப்பிட்டபோது பையிலிருந்து ஒரு காலி பாட்டிலை எடுத்துக் காட்டினாள். ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். “இதுல கொஞ்சம் புடிச்சுட்டு வாங்க!”

பிடித்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒதுக்கி, தன் இரண்டு பாதங்களிலும் அந்தத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டாள். இருபது தப்படி தூரத்தில் கடல் இருந்தது. சோம்பேறி என்று கேலி செய்தேன்.

“எழுதிக்கங்க” என்றாள். “ஞாயிறு, ஒரு பாட்டில். வரத்து தாராளம்.”

அப்படியே எழுதினேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் குழாயடியில் விழுந்துவிட்டதாக ஆலைக்கு போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தாள். டாக்டர் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வலி எப்போதிருந்து என்று கேட்டார்.

“ஒரு மாசமா இருக்குமுங்க” என்றாள் அவள்.

“ஒரு மாசத்துக் கட்டி இல்லம்மா இது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“எங்கிட்ட நோட்டு இருக்குதுங்க டாக்டர்” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

வீட்டுக்கு வந்து புரட்டினேன். மின்சாரம் போன நேரம் இருந்தது. புத்தகங்களின் பெயர்கள் இருந்தன. வலி என்ற சொல் எங்கும் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண், என் மனைவி குழாயடியில் விட்டுவந்த குடங்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். சும்மாதான் கேட்டேன்.

“ஐப்பசியில இருந்தே தண்ணி கம்மியாத்தானம்மா வருது?”

“இல்லீங்கண்ணா. எப்பவும் போலத்தான் வருது. நான் பதினாலு குடம் புடிக்கறனே. அக்காதான் முடியலேன்னு பாதியில ஒக்காந்துக்குவாங்க. நான் தூக்கியாரட்டுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

பக்கத்து வீட்டுப் பெண் போன பிறகு எண்ணிக்கைக் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். பன்னிரண்டு, பத்து, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. பக்கத்திலேயே என் கையெழுத்தில், வரத்து குறைவு, வரத்து குறைவு.

ஐப்பசி கடைசிச் செவ்வாய் என்று டாக்டரிடம் சொன்னேன். குறித்துக்கொண்டார். “அப்பவே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாமுங்க” என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

கட்டிலருகே உட்கார்ந்து, ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டேன்.

“எத்தனை குடம்னு கேட்டீங்க. நான் ஒரு நாளும் பொய் சொல்லலீங்களே.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே தொடர்ந்தாள். “மொதல்ல வாயுப்புடிப்புன்னு நெனச்சுப்போட்டேனுங்க. அப்பறம் இது வேறன்னு தெரிஞ்சுபோச்சு. சொன்னா இங்க கூட்டியாந்திருப்பீங்க. கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?”

அவள் என் கையைத் தட்டினாள்.

“அந்தப் பெட்டிசன வாபஸ் வாங்கிப்போடுங்க. பாவம், தண்ணி ஆபீஸ்காரங்க என்ன பண்ணுவாங்க.”

மறுநாளே போய்க் கேட்டேன். அப்படி ஒரு மனு வந்ததே அங்கே யாருக்கும் நினைவில்லை.

வைகாசியில் அவள் இறந்தாள். காரியங்கள் முடிந்த பிறகு வந்த முதல் வியாழக்கிழமை, ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளுடைய குடங்களை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நிரம்பிய குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்தேன். சட்டையெல்லாம் நனைந்தது. குழாயிலிருந்து வீட்டு வாசல் வரை எவ்வளவு தூரம் என்று நான் எழுதி வைத்திருக்கவில்லை. நான்காவது குடத்தோடு மூச்சு வாங்கியது.

“விடுங்கண்ணா, மிச்சத்த நான் கொண்டாந்து தாரேன்” என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

வேண்டாம் என்றேன்.

மாலையில் நோட்டை எடுத்து ‘நான்கு’ என்று எழுதினேன். பக்கத்துக் கட்டத்தில், தண்ணீர் நன்றாக வந்தது என்று எழுதினேன்.