கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்த அக்கா

போன வருடம், புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில் நடந்தது இது. என் மடியில், கல்லூரிக் காலம் முழுக்க நான் வரைந்த அறிவியல் புனைகதை மங்கா, அதாவது ஜப்பானியப் பாணிப் படக்கதை, ஸ்பைரல் போட்டு. கோட்டைப்பட்டினத்துப் பெண் ஒருத்தி விசைப்படகையே விண்கலமாக்கிக் கிளம்பி, கடைசியில் ஒரு நிலவில் தனியாக நிற்கிற கதை. வசனமே கிடையாது, எல்லாம் படம்தான்.

ஒரு பதிப்பகம் பார்க்கக் கேட்டிருந்தது. எனக்கோ முதல் அத்தியாயங்களைப் பார்த்தாலே கூசியது. தடித் தடியாகக் கோடு, கட்டம் கொள்ளாத கூட்டம், ரோபோவுக்குக்கூட மீசை! போகப் போகத்தான் என் கோடு மெலிந்தது, வெற்றிடம் விடப் பழகினேன். அதனால் பழைய பக்கங்களின் மேல் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தேன். அறந்தாங்கித் தோழி வீட்டில் உட்கார்ந்து புதிதாய் வரைந்துவிட்டு அவற்றைக் கிழித்துப் போடுவதாகத் திட்டம். வேறு பிரதி கிடையாது.

பக்கத்து சீட்டில் ஒரு அக்கா. செல்லில் சார்ஜ் தீர்ந்துபோய், "அத இங்கிட்டுக் குடும்மா, பாத்துட்டுத் தாரேன்" என்று வாங்கிக்கொண்டார். ஜப்பானியர்கள் மங்காவை வலமிருந்து இடமாகத்தான் படிப்பார்கள். நானும் அந்த வழக்கப்படியே கோத்திருந்தேன். அவரோ நம் புத்தகம் போலத் திறந்தார். அதாவது, என் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மூழ்கிவிட்டார்.

வல்லத்திராக்கோட்டை தாண்டியதும் சிரிப்பு.

"வரைஞ்சவருக்கு மொதல்ல கை வரல போல, வெறும் வெள்ளையாக் கெடக்கு. போகப் போக நல்லாப் பழகிட்டாரு. இந்த மீசக்கார ரோபோவப் பாரேன், எங்க சின்ன மாமனாரேதான்!"

நானும் சிரித்தேன். ஆனால் உள்ளே சுருக்கென்றது. என் வளர்ச்சி மொத்தத்தையும் இப்படிக் கவிழ்த்துவிட்டாரே!

அப்புறம்தான் பென்சில் குறிகள் அவர் கண்ணில் பட்டன.

"எந்த எடுபட்ட பய இதுல கிறுக்குனது?"

"நான்தாங்க்கா. வரைஞ்சதும் நான்தான். இதெல்லாம் சரியா வரல, அதான்."

"நீயா!" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் முதல் பக்கத்தில் விரலை வைத்தார். படகைச் சுற்றி ஊரே திரண்டு நிற்கிற படம் அது. "தனியாக் கெடந்த புள்ள ஒருவழியா ஊரு வந்து சேந்திருச்சு. எங்க வீட்டுக்காரரு சிங்கப்பூர்லேருந்து வந்து எறங்குனா இப்புடித்தான் நிப்போம். இதப் போயி அடிச்சிருக்கியே!"

நான் வழியனுப்ப வரைந்த கூட்டம், அவருக்கு வரவேற்க வந்த கூட்டமாகியிருந்தது. எனக்கு வேறொன்றும் உறைத்தது. அந்தக் கூட்டத்தை இன்றைய என் கை வரையாது. நாலு முகம் போட்டுவிட்டு மிச்சத்தை வெள்ளையாக விட்டிருப்பேன்.

எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று அவரிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. அறந்தாங்கியில் இறங்கி ஒரு ரப்பர் வாங்கினேன். தோழி வீட்டில் அன்று நான் வரையவில்லை, அழித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர் வரைந்தது போல இருக்கிறதே என்றார்கள் பதிப்பகத்தில். ஆமாம் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் ஓர் அத்தியாயத்தை முடித்ததும் ஒருமுறை அந்த அக்காவைப் போலப் பின்னாலிருந்து புரட்டிப் பார்க்கிறேன். வழியில் எதையெல்லாம் கைவிட்டு வந்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் தெரிகிறது.