கோவண்டி என்று பெயர் வைத்த கணினி

போன வாரம் வீட்டு லேப்டாப்புக்கு ஆசையாக ஒரு புதுப் பெயர் வைத்தேன். அன்றிலிருந்து ‘சூடோ’ போட்டு, அதாவது நிர்வாகி அதிகாரத்தில், எந்தக் கட்டளை கொடுத்தாலும் கர்சர் மினுக்கிக்கொண்டு நிற்கிறது. பத்து விநாடி, இருபது விநாடி. வேறொருவருக்கு எரிச்சல் வந்திருக்கும். எனக்கு நனைந்த ஷூ வாடை வந்தது. கூடவே கொஞ்சம் கருவாட்டு வாடையும்.

பல வருஷத்துக்கு முன், மும்பை செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். மழை பிடித்துக்கொண்டால் எல்லோர் ஷூவும் ஏசிக்குக் கீழேதான் காயும். கணினிகளுக்குப் பெயர் வைப்பது என் இலாகா. ஹார்பர் லைன் ரயில் ஸ்டேஷன் வரிசையில் வடாலா, குர்லா, செம்பூர், கோவண்டி. மேசை மாறினால் பெயரும் மாறும். இதை ஏதோ பெரிய புத்திசாலித்தனம் போல, வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

இசக்கிமுத்து அப்படிப் புதிதாக வந்தவன். வீடு தாராவியில். மூன்று மாதம் காண்டிராக்ட், ஒழுங்காகச் செய்தால் பர்மனென்ட். டப்பாவில் கருவாடு இருக்கும் நாளில் மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவான். யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. உள்ளே வா என்று நானும் சொன்னதில்லை.

அவன் சேர்ந்த அன்று ‘வடாலா’வைத் தூக்கிக் கடைசி மேசையில் வைத்து, ‘கோவண்டி’ என்று பெயரை மாற்றிக் கொடுத்தேன். தினமும் காலையில் அவன் பின்னணியில் ஓடும் முப்பது நாற்பது சர்வீஸ்களை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சூடோ. ஒவ்வொன்றுக்கும் அந்தக் காத்திருப்பு.

மேனேஜரும் தமிழர்தான், மாதுங்காக்காரர். அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.

“என்னப்பா, ஒரு கமாண்ட் போட இத்தனை நாழியா?”

“நான் அடிச்சாச்சு சார். அதுல்லா முழிச்சிக்கிட்டு நிக்கி.”

அவன் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிப்பார்கள். அவர் பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன்.

அந்தக் கணினிகளில் ஓடும் லினக்ஸ் என்றால் நான்தான் என்று பெயர் வாங்கியிருந்ததால் என்னைப் பார்க்கச் சொன்னார்கள். சூடோ இல்லாத கட்டளைகள் எல்லாம் பறந்தன. அங்கேயே யோசித்திருக்க வேண்டும். நான் மெமரியை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், கடைசியில் “நிதானமா அடிப்பா” என்று அவனுக்கே புத்தி சொன்னேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் அவனை அனுப்பிவிட்டார்கள். ரொம்ப மந்தம் என்று காரணம்.

திங்கட்கிழமை அந்த மேசையில் நான் உட்கார்ந்தேன். முதல் கட்டளைக்கே அதே காத்திருப்பு. ஆள் போயிருந்தான், தாமதம் போகவில்லை. அப்புறம்தான் கணினிப் பெயர்களை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பார்த்தேன். சூடோ ஒவ்வொரு முறையும் தன் கணினியின் பெயரை அதில் தேடும். அதில் இன்னும் ‘வடாலா’தான் இருந்தது. ‘கோவண்டி’யைக் காணாமல் வெளியே நெட்வொர்க்கில் விசாரிக்கும். மழைக்காலத்தில் எங்கள் இன்டர்நெட் லைன் பாதி நேரம் செத்துக்கிடக்கும், பதில் வராது. பெயரை மாற்றிய அன்று நான் எழுத மறந்தது ஒரே ஒரு வரி. எழுதினேன். கட்டளை பட்டென்று ஓடியது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். “பாத்தியா, ஆள் மாறினதும் எல்லாம் சரியாயிடுத்து.”

நான் சட்டென்று அந்தக் கோப்பை மூடினேன். பயம்தான், வேறென்ன.

சில மாதம் கழித்து கிங்ஸ் சர்க்கிளில் இசக்கியைப் பார்த்தேன். முதுகில் டெலிவரிப் பை.

“அந்த மிஷினு சரியாயிட்டாண்ணே?”

“இல்லப்பா, இன்னும் அப்படித்தான்.”

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பம் எம்மேல தப்பு இல்லல்லா? சார்ட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே.”

“சொல்றேன்” என்றேன். சொல்லவில்லை.

இப்போது அந்தக் கட்டடம் இல்லை. மேனேஜர் காலமாகிவிட்டார். இசக்கியின் நம்பரில் யாரோ ஒரு பெண் “ராங் நம்பர்” என்று இந்தியில் கோபிக்கிறாள். தாராவியில் போய் விசாரித்தால், “எந்த இசக்கி? இங்க இருவது இசக்கி உண்டு” என்கிறார்கள்.

நேற்று லேப்டாப்பில் அந்த ஒரு வரியை எழுதினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் மூன்று மாதம் நின்றும் நான் எழுதாத வரி.