அத்தை முத்தமிடாத ஆண்டுகள்

ஊசி பொருத்தாத ஒரு பிளாஸ்டிக் சிரிஞ்சு. அதில் குளிர்ந்த பார்லித் தண்ணீரை இழுத்து, என் மகளின் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே சொட்டுச் சொட்டாக விடுவார் என் கணவரின் அக்கா. மகளுக்கு அப்போது இரண்டு வயது. ஈறு வீங்கி, நாக்கிலும் உதட்டிலும் கொப்புளங்கள் உடைந்து, எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வழியவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவரை அண்ணி என்று அழைப்பேன். கணவரை இழந்தபின் பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். என் கணவருக்குக் கடல் தாண்டி சரவாக்கில் வேலை. நான் விடியுமுன் எல்லைப் பாலம் தாண்டி சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய் இருட்டியபின் திரும்புவேன். மகள் முதல் அடி வைத்தது அண்ணியின் கையைப் பிடித்துத்தான். அவள் பேசிய முதல் சொல்லும் 'அத்தை'தான். எனக்கு அதில் பொறாமை இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் கிளினிக்கில் டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார். உதட்டுக் கொப்புளத்துக்குக் காரணமான வைரஸ். கொப்புளம் உள்ள பெரியவர்கள் முத்தமிட்டால் தொற்றும். வைரஸுக்கு ஒரு மருந்தும், எடைக்கு ஏற்ற அளவில் காய்ச்சல் மருந்தும் தந்தார். புளிப்பு, காரம் கூடாது. வாயில் வைத்த கையைக் கண்ணில் வைக்க விடக்கூடாது. சிறுநீர் நின்றால் உடனே மருத்துவமனை. அவர் பேசப் பேச நான் பக்கத்திலிருந்த அண்ணியின் உதட்டோரத்தைப் பார்த்தேன். அங்கே காய்ந்துகொண்டிருந்தது ஒரு பொருக்கு.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டுவிட்டேன். "நீங்கதான் குடுத்தீங்க அண்ணி. வாயில புண்ண வச்சிக்கிட்டா பிள்ளைய கொஞ்சுவாங்க?"

"ஒடம்பு சூடுன்னு நெனச்சேன்மா" என்று உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

நான் விடுப்பு எடுத்தேன். அதன்பின் ஒன்பது நாட்கள் அந்த வாசகத்தோடு மூவரும் உள்ளேயே கிடந்தோம். அவருக்குப் போக வேறு வீடு இல்லை. எனக்கும் அவரை விட்டால் வழியில்லை. என் கையில் சிரிஞ்சைக் கண்டால் மகள் வாயைத் திறக்கமாட்டாள். அண்ணி மாஸ்க் போட்டுக்கொண்டார். தன் கோப்பையையும் துண்டையும் தனியே வைத்தார். தோல் உரியுமளவு கை கழுவினார். மகள் கைநீட்டித் தாவும்போதெல்லாம் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டு தூக்கினார். நான்காம் நாள் காலையிலிருந்து டயப்பர் நனையவில்லை. மருத்துவமனைக்குப் பையைக் கட்டிவிட்டேன். அண்ணி விடாமல் சொட்டுவிட்டுக்கொண்டே இருந்தார். பிற்பகலில், "ஈரம்மா! தொட்டுப் பாரு, ஈரம்!" என்று கத்தினார். இருவரும் அழுதோம், தனித்தனியாக.

புண்கள் தழும்பில்லாமல் ஆறின. மறுபடி காட்டப் போனபோது டாக்டர், "உங்களுக்கு எப்போதாவது இப்படி வந்திருக்கிறதா?" என்று கேட்டார். வந்திருக்கிறது. பள்ளியில், ஒவ்வொரு பரீட்சைக்கும். அப்படியானால் வெளியே புண் தெரியாத நாளிலும் என் எச்சில் வழியாகப் போயிருக்கலாம், யாரிடமிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது என்றார்.

வாசலிலேயே காத்திருந்தார் அண்ணி. "டாக்டர் என்னம்மா சொன்னாங்க?"

"நல்லாயிடுச்சாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் என் மகளை முத்தமிட்டதே இல்லை. பிறந்தநாள்களில் முகத்தைத் திருப்பிக்கொண்டே அணைப்பார். சொல்லாத ஒவ்வோர் ஆண்டும், சொல்வது இன்னும் கடினமானது. சொன்னால், இத்தனை நாள் மறைத்ததையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்?

இப்போது ஸ்கூடாயில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், போன வாரம் உதட்டில் ஒரு கொப்புளத்தோடு வந்தாள். பரீட்சை நெருக்கடி, களிம்பு தடவினால் போய்விடும் என்று சிரித்தாள். அண்ணியால் சிரிக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போனதும், "என்னாலதானே இது" என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அன்னிக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது. பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"அப்ப அவளுக்கு ரெண்டு வயசும்மா. கொஞ்சுற வயசெல்லாம் போயிடுச்சு."