கண்டக்டர் மகளின் நடை

இந்த ஊரில் கதையும் வேடமும் இல்லாமல், வெறும் உடம்பை மட்டும் நம்பி மேடையேறிய முதல் ஆண் அவர்தான். பின்னாளில் விருதுகள் வந்தன, வெளிநாட்டு அழைப்புகள் வந்தன. ஆனாலும் ஊருக்கு இன்றுவரை அவர் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஓடும் வண்டியில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பதையே தன் முதல் நடனமாக ஆக்கினார்.

"சில்லறை இல்லேன்னு பையத் தடவுவீங்களே, அத விட்டுட்டீங்களே மாப்ள!" என்று முன்வரிசையிலிருந்து மைத்துனர் கத்தினார். அடுத்த நிகழ்ச்சியில் அதையும் சேர்த்துக்கொண்டார். அவமானத்தைக்கூட வீணாக்காத சிக்கனம் அவருடையது.

சொந்த அப்பா மூச்சுத் திணறிச் செத்ததை, துக்கம் ஆறுவதற்குள் மேடையேற்றினார். அத்தைமார் எழுந்து வெளியே போனார்கள். விமர்சகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"வீட்ல தும்மவே பயமா இருக்கு. அடுத்த மாசம் மேடையில வந்துடும்" என்பார் மனைவி.

அவருடைய நடனக் குழு பயிற்சி செய்தது பழைய டயர் கிடங்கில். சிமெண்ட் தரை. பலகை போடச் சொல்லி மனைவி கெஞ்சிப் பார்த்தார்.

"பலகை, குதிக்கிறவன தாங்கிப் பிடிக்கும். அந்தச் செல்லமெல்லாம் நமக்கு வேணாம்."

உடம்புக்கு விடுதலை வாங்கித்தரப் புறப்பட்டவர், முழங்கால்களை ஜாமீனில் விடக்கூட மறுத்தார்.

குழுவிலேயே சிறந்த ஆட்டக்காரி அவருடைய ஒரே மகள். புதிய நடனம் முழுக்க அவளுடைய தாவல்களை நம்பியிருந்தது. முதல் நிகழ்ச்சி நெருங்கியபோது, முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, எலும்புக்குள்ள குத்துது. கொஞ்ச நாள் ஆடவே கூடாதுங்கறார் டாக்டர்."

"குத்துதா? எங்க, ஒரு தடவ தாவு."

தாவினாள். அவர் முகம் மலர்ந்தது. "இத்தன வருஷமா உன்கிட்ட இல்லாதது இப்பதாம்மா வந்திருக்கு!"

கொடுமை என்னவென்றால், அவர் சொன்னது உண்மை. வலி வந்தபின் அவள் ஆட்டம் வேறாகிவிட்டது. அது அவளுக்கும் தெரிந்தது. மேடையேறினாள்.

இசையே இல்லாத நடனம் அது. எலும்பு முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

எலும்பு கோணலாகச் சேர்ந்தது. இனி அவளால் ஆட முடியாது என்று தெரிந்த அன்று அவர் அழுதார், நிஜமாகவே அழுதார். அடுத்த ஆண்டு, ஒரு பெண் காலை இழுத்து இழுத்து மேடையைக் கடக்கும் நடனம் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். மாணவிகளுக்கு அந்த நடை பிடிபடவில்லை. வீட்டுச் சாவி வாங்கக் கிடங்குக்கு வந்த மகளை, அதன் உள்கோடிவரை வந்தபின் நிறுத்தினார்.

"ஒரு தடவ நடந்து காட்டும்மா. இதுங்க நடக்கறது செருப்பு கடிச்ச மாதிரி இருக்கு."

"இதாவது என்னோடதா இருக்கட்டுமேப்பா."

"உன்னோடதுதான். யாரு இல்லேன்னா?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். "நடக்க மாட்டேன்."

கண்டக்டர் தலையைச் சாய்த்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அசையாதே. அப்படியே இரு" என்றார் மெதுவாக. பிறகு மாணவிகளிடம் திரும்பினார். "அந்தத் தோளப் பாருங்க."

பார்த்தார்கள். அவள் எழுந்து போய்விடலாம். வாசல்தான் கிடங்கின் மறுகோடியில் இருந்தது; அதுவரை நடந்தாக வேண்டும்.