ராணியின் கையும் சீனிப் பாகும்

போன சனிக்கிழமை, கோவில்பட்டியில் நான் ராணியாக ஜெயித்தேன்!

புதிய வாசகர்கள் திகைக்க வேண்டாம். எங்கள் நாடக மன்றத்தில் பெண்கள் கிடையாது. மெல்லிய குரல் வாய்த்த பாவத்துக்கு, ராணி வேடம் எப்போதும் எனக்குத்தான். குரல் ராணிக்குப் பொருந்தும். கை? கரடிக்கு!

சென்ற வருஷம் கையை ஷேவ் செய்துகொண்டு மேடையேறினேன். காலையில் வழித்தது, ராத்திரிக்குள் முள்ளாகிவிட்டது. செத்துக் கிடந்த ராஜா மேல் கையை விரித்து விழுந்தேன். முன்வரிசையிலிருந்து லாரி ஆபீஸ் அண்ணாச்சி சத்தம் போட்டார் — "ஏலே, ராணிக்குக் கையில தாடி முளைச்சிருக்குலே!"

செத்த ராஜாவே சிரித்துவிட்டார்.

"இன்னொரு தடவை சனம் சிரிச்சா, மதுரையிலேருந்து நடிகையைக் கூட்டிட்டு வந்திருவோம்" என்றார் செயலாளர். ராணி வேடம் போனால் எனக்கு என்ன மிச்சம்? வாயிற்காப்போன்!

காப்பாற்றியவள் என் கொழுந்தியாள் செல்லம். புருஷனுக்கு ஏடன் துறைமுகத்தில் வேலை, லீவில் வந்திருந்தாள்.

"அங்கன பொம்பளைக பிளேடைத் தொடமாட்டாவ அத்தான். சீனியும் எலுமிச்சஞ்சாறும் விட்டுப் பாகு காய்ச்சி, ஆறவிட்டு, அப்பி இழுப்பாவ. வேரோட வந்துரும்."

பாகா? என் மனைவி ஞானம் கடலைமிட்டாய் போடுகிற வீட்டில் பிறந்தவள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால், 'டங்' என்று கேட்க வேண்டும். அதுவரை சட்டியை இறக்கமாட்டாள்.

"போதும், இறக்குக்கா!"

"எனக்கே பாகு சொல்லித் தாரியாட்டி? இளம்பாகை இறக்குனா நம்ம அப்பா மானம் என்னாவுறது?"

அப்பா மானம் பிழைத்தது. என் இடது கைதான் மடங்கவில்லை! அப்பிய பாகு அப்படியே கல்லாக இறுகிவிட்டது... கடலை ஒன்றுதான் குறை. வெந்நீரில் ஊறப்போட்டுக் கரைப்பதற்குள் எறும்புகள் விசாரிக்க வந்துவிட்டன.

மறுபடி காய்ச்சினார்கள். தேன் நிறம் வந்ததுமே செல்லம் சட்டியைப் பிடுங்கி இறக்கிவிட்டாள். ஆறவைத்துப் பிசைந்து, முடிக்கு எதிர்ப்பக்கமாகத் தேய்த்து, முடி படிந்த பக்கமாகச் சுண்டினாள் பாருங்கள் — ஐயோ! தெருவே கூடிவிட்டது.

"எதுக்கு இந்தக் கத்து கத்துதீங்க அத்தான்? அங்கன பொம்பளைக சிரிச்சுப் பேசிக்கிட்டே இழுப்பாவ!"

அப்படிச் சிரிக்கிறவர்கள் அல்லவா அசல் நடிகைகள்? நான் வெறும் வேடதாரி. அன்றைக்குத்தான் எனக்கு அது உறைத்தது.

ஆனால் பலன்? கை வழவழவென்று மின்னியது. ஞானம் தன் கையை என் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை வந்தது. ராஜா செத்தார். கையை விரித்து விழுந்தேன். கொட்டகையே கப்சிப்! முன்வரிசையில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஓரக்கண்ணால் பார்த்தேன் — லாரி ஆபீஸ் அண்ணாச்சி!

நாடகம் முடிந்ததும் அவர் செயலாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மதுரைக்காரியா? என்னமா அழுதாவே! அந்தத் தாடிக்காரப் பயல நிப்பாட்டுனது நல்ல காரியம்வே!"

திரைக்குப் பின்னால் அந்தத் தாடிக்காரப் பயல் வளையல் குலுங்கக் குதித்ததை மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லிவிடாதீர்கள்!